பற்று, வரவு, விசுவாசம்: ரோமர் நான்காம் அதிகாரத்தை வீட்டுக்கூட்டத்தில் நடத்தும் முறை

முதலில் ஒரு எச்சரிக்கை. புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை வீட்டுக்கூட்டத்தில் நடத்துகிறவர், கதவோரம் உட்கார்ந்திருக்கும் குடிகாரரைப் பார்த்துக்கொண்டு நடத்தக் கூடாது. 'விசுவாசத்தினாலே நீதிமானாகுதல்', அதாவது நல்லது செய்து சம்பாதிக்காமல் விசுவாசத்தினால் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுதல், என்று தலைப்பைச் சொன்னதுமே எல்லாருடைய கண்ணும் அவர்மேல்தான் போகும். நாமும் அவருக்காகவே என்பதுபோலக் குரலை இளக்கிக்கொள்வோம். அவருக்கு இது சீக்கிரம் புரிந்துவிடும். கையில் ஒன்றும் இல்லாதவருக்கு இலவசம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. புரியாமல் தவிக்கப்போகிறவர், முன்வரிசைப் பாயில் கஞ்சி போட்ட புடவையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியம்மா. உபவாசம் தவறாதவர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சில்லறை மாறாமல் கவரில் போடுகிறவர். நாலு பேருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுகிறவர். இந்தக் குறிப்பு முழுவதும் அவரை மனத்தில் வைத்து எழுதியது. நானும் ஏறக்குறைய அந்த வகைதான் என்பதால் உள்விவகாரம் கொஞ்சம் தெரியும்.

இறையியல் கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 31 வருடம் கணக்கு எழுதினேன். ஓய்வுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை மாலைகளில் என் வீட்டில் பத்துப் பேர் கூடுகிறோம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஏற்காட்டுக்கு ஏறிப்போய், காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் என் தங்கையின் கூடத்தில் அதையே இன்னொருமுறை நடத்துகிறேன். இரண்டு இடத்திலும் எனக்குப் பெயர் 'கணக்கு அக்கா'. ரோமர் நான்காம் அதிகாரம் கணக்கு எழுதுகிறவர்களுக்கென்றே எழுதப்பட்டது என்பது என் கட்சி. இதை இரண்டு போதகர்கள் மறுத்திருக்கிறார்கள். இருவரும் கணக்கில் சுமார்.

நான்கு கூட்டம் போதும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பிரசங்கம் ஆகிவிடும். எல்லாரிடமும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் இருக்கட்டும். நமக்கு வேண்டிய சொல் அதில் அப்படியே இருக்கிறது. ஆளுக்கொரு பென்சில், நடுவில் பற்று வரவு எழுதுகிற நீள நோட்டு ஒன்று. சுக்குக் காப்பியைக் கடைசியில் கொடுங்கள். முதலில் கொடுத்தால் அரை மணி நேரம் ஊர்க்கதையில் போய்விடும்.

முதல் கூட்டத்தில் எதையும் விளக்காதீர்கள். அதிகாரத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்கட்டும். 'எண்ணப்பட்டது', 'எண்ணப்படும்', 'எண்ணாதிருக்கிறாரோ' என்று அந்தச் சொல் எந்த உருவத்தில் வந்தாலும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். கிரேக்க மூலத்தில் இது 11 முறை வருகிறது. வாசித்து முடித்ததும் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னால், ஒரே ஆணியைப் பவுல் எத்தனை முறை அடித்திருக்கிறார் என்று கண்ணுக்கே தெரியும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "எண்ணினார் என்றால் என்ன?" பாதிப் பேர் "நினைத்தார்" என்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் வழிதவறுகிறார்கள். பவுல் இங்கே உதாரணம் காட்டும் ஆபிரகாமைத் தேவன் நீதிமான் என்று 'நினைத்துக்கொண்டார்', அதாவது போகட்டும் என்று விட்டுவிட்டார் என்பதாக அவர்களுக்குக் கேட்கிறது. தமிழில் எண்ணுவது நினைப்பதும்தான், ஒன்று இரண்டு என்று கணக்கிடுவதும்தான். கிரேக்கச் சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. அந்தக் காலத்து வியாபாரிகள் ஒருவன் பேரில் வரவு வைப்பதற்கு அதைத்தான் எழுதினார்கள். நோட்டைத் திறந்து, 'ஆபிரகாம்' என்று தலைப்பிட்டு, வரவுப் பத்தியில் 'நீதி' என்று எழுதிக் காட்டுங்கள். இது மனத்துக்குள் நடந்த விஷயமில்லை, நோட்டில் ஏறிய விஷயம் என்பதைக் கண் முதலில் பார்க்கட்டும்.

'நீதி' என்ற சொல்லையும் அன்றைக்கே தொட்டுவிட வேண்டும். நமக்கு நீதி என்றால் நீதிக்கதை, நீதி போதனை. அதாவது நல்ல நடத்தை. பவுல் பேசுவது அஸ்தம்பட்டியில் கோர்ட்டுக்குப் போகிறோமே, அந்த நீதி. கூண்டில் நிற்பவரைப் பார்த்து 'இவர்மேல் குற்றமில்லை' என்று நீதிபதி சொல்வது. தீர்ப்பு வந்த நிமிடத்தில் அவர் குணம் மாறிவிடுவதில்லை, நிலை மாறிவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள். நிறையப் பேசினால் சட்டம் படித்த மருமகன் யாராவது குறுக்கே வருவார்.

முதல் கூட்டத்தின் சாரம் வயதுக்கணக்கில் இருக்கிறது. ஆதியாகமம் 15:6-ஐத் திறங்கள்: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." அடுத்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் மகன் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிராமுக்கு (ஆபிரகாமின் முந்தைய பெயர்) 86 வயது. அதற்கடுத்த அதிகாரத்தில், உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்கும் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளும்போது 99. யாராவது ஒரு பள்ளிப் பிள்ளையைக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள்: 13. நீதி வரவு வைக்கப்பட்டதற்கும் அடையாளம் போட்டுக்கொண்டதற்கும் நடுவே குறைந்தது 13 வருடம். மோசே மூலம் வந்த நியாயப்பிரமாணமோ ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருடம் கழித்து வந்தது என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. "அப்படியானால் அந்த 13 வருடம் அவர் நீதிமானா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ரோமர் நான்கின் பத்தாம் வசனத்தில் பவுல் கேட்பதும் இந்தக் கேள்விதான். என் கூட்டத்தில் பெரியம்மா அன்றைக்கு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் ஞானஸ்நான ரிஜிஸ்டர், திடப்படுத்தல் சான்றிதழ் எல்லாம்?" என்றார். "அடையாளம், பெரியம்மா. பதினோராம் வசனம் முத்திரை என்று சொல்கிறது. வரவு அதற்கு முந்தியது" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நல்ல அறிகுறி.

வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு வேலை கொடுங்கள். ஒரு சிறு சீட்டில் அவரவர் வாழ்க்கையின் வரவுகளை எழுதிக்கொண்டு வர வேண்டும். பெயர் வேண்டாம். பாவப் பட்டியலும் வேண்டாம், அது எல்லாருக்கும் பாடம். செய்த நல்லதை மட்டும், கூச்சப்படாமல் எழுத வேண்டும்.

இரண்டாவது கூட்டம்தான் கனமானது. இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். பவுலும் ஒரு சீட்டு எழுதியிருக்கிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயர், பரிசேயர், சபையைத் துன்பப்படுத்துமளவுக்கு வைராக்கியம், நியாயப்பிரமாணத்தின்படி குற்றஞ்சாட்டப்படாதவர். மொத்தம் ஏழு வரி. இதில் ஒரு வரியையும் அவர் பொய் என்று அடிக்கவில்லை. இதைக் கட்டாயம் சொல்லுங்கள். "எனக்கு லாபமாயிருந்தவைகளெவைகளோ அவைகளைக் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்று எண்ணினேன்" என்கிறார். மறுபடியும் கணக்குப் பாஷை. தொகையைக் குறைக்கவில்லை, அழிக்கவில்லை, பத்தியை மாற்றி எழுதுகிறார். எதற்காக? ஒன்பதாம் வசனத்தில் விடை இருக்கிறது: சுயநீதியை உடையவனாயிராமல், கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால் வருகிற நீதியை உடையவனாயிருப்பதற்காக. கணக்கை முடிக்கிற இடத்தில் எந்தத் தொகையைக் காட்டுவது என்பதுதான் விவகாரம்.

இந்த இடத்தில் சிலர் சீட்டுகளைக் கிழிக்கச் சொல்வார்கள். ஒரு முகாமில் எரித்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மாமியாரைப் பதினெட்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்ததை ஒருவர் எழுதியிருப்பார். அதைக் கிழிக்கச் சொல்ல நாம் யார்? சீட்டை வேதாகமத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். அதேபோல, "எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது" என்ற ஏசாயா வசனத்தை எடுத்து வீசாதீர்கள். அதில் இருப்பது 'எங்களுடைய', 'உங்களுடைய' இல்லை. தன்னைப் பற்றித் தேவனிடம் சொல்லும் வாக்கை அடுத்தவர் மூஞ்சியில் எறிவது வேதத்தைத் திருடுவது. ஏற்காட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்து லைன் வீட்டு அக்கா ஒருவர் வருவார். நெற்றியில் குங்குமம், கையில் முறம், கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். "நல்லவளாக இருந்தால் போதாதா, கணக்கு அக்கா?" என்று ஒருநாள் கேட்டார். "நீங்கள் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போதுமா என்று யார் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு. நானே சொல்லிக்கொள்ள முடியுமா?" என்றேன். அவர் தொடர்ந்து கீரை ஆய்ந்தார். தொடர்ந்து வரவும் செய்கிறார்.

பிறகு ரோமர் நான்கின் நான்காம் வசனம்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." பட்டறையில் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது யாரும் முதலாளிக்கு நன்றி சொல்லிப் பார்த்ததில்லை. அது அவர்களுடைய பணம். நம் நல்ல காரியங்களுக்காகத் தேவன் நம்மை ஏற்றுக்கொண்டால், அவர் நமக்குக் கடன்காரர் ஆகிவிடுகிறார். நாம் சனிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள். ஐந்தாம் வசனம் அந்த ஜன்னலையே சாத்திவிடுகிறது: "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்." நல்லவனை நீதிமானாக்குகிறவர் என்று இல்லை, பாவியை நீதிமானாக்குகிறவர் என்று இருக்கிறது. இந்த வசனத்தை மூன்று பேரை வைத்து மூன்று முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் நடத்தும்போது இங்கே மத்தேயு 20-ஐச் சேர்த்துக்கொள்கிறேன். திராட்சத்தோட்டத்துக்குக் காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது சாயங்காலம், வந்தவனுக்கும் ஒரே பணம் கூலி. சேலத்தில் வாசித்தால் "ஆமென்" என்று தலையாட்டுகிறார்கள். ஏற்காட்டில் ஒரு தை மாதம், பழம் பறிக்கிற காலத்தில் வாசித்தேன். அன்று பகல் முழுக்கச் சரிவில் நின்று, இடுப்பில் பை கட்டி, காப்பிப் பழம் பறித்து, சாயங்காலம் எடைக்காக வரிசையில் நின்றுவிட்டு வந்த பெண்கள். கறை படிந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் ஒருத்தி, "அது எப்படி? எங்கள் மேஸ்திரி இப்படிச் செய்தால் அடுத்த நாள் ஒருத்தியும் மலையேற மாட்டோம்" என்றாள். இன்னொருத்தி, "சாயங்காலம் வந்தவள் யாருடைய சொந்தக்காரி?" என்றாள். கூடமே கொதித்தது. என் தங்கை சமாதானம் செய்யப் பார்த்தாள், நான் தடுத்துவிட்டேன். உவமை குத்த வேண்டிய இடத்தில் குத்தியிருக்கிறது. வெயிலில் நின்றவருக்குத்தான் கிருபை அநியாயமாகத் தெரியும். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று எஜமான் கேட்கிறாரே, அந்த வரியைக் கோபம் அடங்குவதற்குள் வாசித்துவிட வேண்டும். பிறகு வாசித்தால் பழமொழிபோல ஆகிவிடும்.

இப்போது அந்த எதிர்க்கேள்வி வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்டவர், வரி ஆலோசகர் ஒருவரிடம் வேலை பார்க்கும் தம்பி. "அக்கா, சம்பாதிக்காததை வரவு வைப்பதற்கு எங்கள் ஆபீசில் பெயர் கள்ளக்கணக்கு." இதைவிட நல்ல கேள்வி இந்த அதிகாரத்துக்கு இல்லை. "தேவனால் எல்லாம் கூடும்" என்று சொல்லி மழுப்பினீர்கள் என்றால் அந்தத் தம்பியை இழந்துவிடுவீர்கள். நான் என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொன்னேன்.

1986-ஆம் வருடம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். பட்டறையில் கூலிக்காரருக்கு வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்போம். அவர் கொலுசாகவும், வெட்டுத்துண்டாகவும், அரப்பொடியாகவும் திருப்பிக் கொடுப்பார். சேதாரம் போக எடை நேராக வேண்டும். ஒருநாள் 2 கிலோ 510 கிராம் கொடுத்ததை 2.150 என்று எழுதிவிட்டேன். அந்தக் கூலிக்காரர் நோட்டின்படியே கணக்கை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். தீபாவளிக்கு முன் இருப்பு எடுத்தபோது 360 கிராம் காணவில்லை. பழைய சீட்டுகளைப் புரட்டி நானே என் தவறைக் கண்டுபிடித்தேன். முதலாளி சத்தம் போடவில்லை. "யார் பேரிலாவது பற்று எழுத வேண்டும், பாப்பா. வெள்ளி காற்றில் போகாது" என்றார். சரியான பேச்சு. ஏறக்குறைய நாலு மாதச் சம்பளம் எனக்கு.

நான் என் பெயரை எழுதப் போனேன். கம்பி இழுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. பட்டை பட்டையாக விபூதி, காதில் பென்சில் துண்டு. பலகையிலிருந்து எழுந்து வந்து, "என் பேரில் எழுது" என்றார். நான் மறுத்தேன். என் கையிலிருந்த பேனாவை அவர் வாங்கவில்லை, நோட்டை மட்டும் தன் பக்கத்துக்குத் திருப்பிவைத்தார். நான் எழுதினேன். அவர் பேரில் பற்று 360 கிராம். என் பேரில் பாக்கி ஒன்றுமில்லை. அவர் கூலியிலிருந்து பங்குனி வரை பிடித்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிடித்தத்தை எழுதியவள் நான்.

நான் உடனே நிம்மதியடைந்தேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தவணையாகத் தருகிறேன் என்று ஒரு கவரில் ஐம்பது ரூபாய் வைத்துக்கொண்டு போனேன். "அந்தப் பக்கம் முடிந்தது, பாப்பா. வேறு பக்கம் எழுது" என்று சொல்லிவிட்டுக் கம்பியை இழுக்கப் போய்விட்டார். அப்போது நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இலவசமாய், கிருபையினாலே என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு மனிதர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. கடனைவிட, கடனில்லாமல் நிற்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. நல்ல பெண் என்று பெயரெடுத்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டு, "எங்கள் நோட்டில் கள்ளக்கணக்கு இருந்ததா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்லை. எடை நேராகிவிட்டதே" என்றார். அவ்வளவுதான். அப்புறம் பிலேமோன் நிருபத்தைத் திறக்கச் சொன்னேன். ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பவுல் எழுதுகிறார்: "உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." அடுத்த வசனத்தில், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கைப்படவே எழுதுகிறேன் என்கிறார். ரோமர் நான்கு வெறும் வரவைப் பற்றிப் பேசிவிட்டுப் போகவில்லை. கடைசி வசனத்தில், நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டவர் வருகிறார். பற்று யார் பேரில் ஏறியது என்று அங்கே தெரிகிறது. இந்த வசனத்துக்கு வராமல் இரண்டாவது கூட்டத்தை முடித்தீர்கள் என்றால், கள்ளக்கணக்கு என்று சொன்ன தம்பி சொன்னதுதான் சரி.

யாராவது மனுநீதிச் சோழனை இழுப்பார்கள். எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இழுத்தார். நீதி வளையாது, அரசன் தன் மகனையே கொடுத்தான் என்பது வரை உவமை நடக்கும். ஆனால் அங்கே தேரோட்டியவன் மகன்தான், குற்றம் அவனுடையது. இங்கே கொடுக்கப்பட்டவர்மேல் குற்றமே இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு ஆசிரியருக்கு முதல் டம்ளர் காப்பியைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது கூட்டம், பவுலுக்கு எதிர்ப்பேச்சுபோலத் தெரியும் யாக்கோபின் நிருபத்துக்கு. ஒளிக்காதீர்கள். 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்ற சொற்கள் வேதாகமத்தில் சேர்ந்து வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கேயும் 'மாத்திரம் அல்ல' என்றுதான் வருகிறது. ரோமர் 3:28-ல் 'மாத்திரம்' என்ற சொல்லை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தவர் திருச்சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர். யாக்கோபின் கடிதத்தை 1522-இல் வைக்கோல் நிருபம் என்று எழுதியவரும் அவரே. எனக்கு லூத்தர் மேல் மரியாதை உண்டு, ஆனால் வைக்கோலை மாட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். யாக்கோபும் அதே ஆதியாகமம் 15:6-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார். கூடவே ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த 22-ஆம் அதிகாரத்தைச் சேர்க்கிறார். பவுல் கேட்பது, கணக்கு எப்போது திறந்தது என்று. யாக்கோபு கேட்பது, அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று.

அன்றைக்கு வருகிற இன்னொரு கேள்வி, "அப்படியானால் இஷ்டப்படி வாழலாமா?" என்பது. ரோமர் ஆறாம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனமே விடை: பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்பது. எனக்குப் பட்டறை விடையும் உண்டு: 1986 தீபாவளிக்குப் பிறகு ஓய்வுபெறும் நாள் வரை ஒவ்வொரு எடையையும் இரண்டு முறை போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. பயத்தினால் இல்லை, பயந்திருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் இன்னும் இரண்டு தப்பு எழுதினேன்.

ஏற்காட்டில் கத்தோலிக்கச் சகோதரிகள் கலந்துகொண்டால் சண்டை மூட்டாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெந்து சங்கம் 1547-இல் சொன்னது வேறு அழுத்தம்: தேவன் நீதிமான் என்று அறிவிப்பதோடு நிற்கவில்லை, கிருபையை உள்ளே ஊற்றி நீதிமானாகவே ஆக்குகிறார் என்பது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. மீதமிருக்கும் வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றைக் கீரை ஆய்கிற கூடத்தில் தீர்க்க முடியாது.

நான்காவது கூட்டத்தில் ஒரு கண்ணியை எடுக்க வேண்டும். நல்ல காரியத்தை விட்டவர்கள், அடுத்ததாக விசுவாசத்தையே நல்ல காரியமாக்கிக்கொள்வார்கள். "என் விசுவாசம் பெரிசு" என்று ஒருவர். "எனக்குப் போதுமான விசுவாசம் இல்லையே" என்று அழுகிற இன்னொருவர். இரண்டும் ஒரே வியாதி. இருவரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஏற்காடு பஸ்ஸைச் சொல்வேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒருத்தி மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் இயேசுவே என்பாள், அது நான். பக்கத்தில் ஒருவர் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குவார். மேலே இறங்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே குளிர்தான். தைரியம் ஏற்றிக்கொண்டு போகவில்லை, பஸ் ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் ஏறி உட்கார வேண்டும். ஸ்டாண்டில் நின்று டிரைவரைப் பாராட்டிக்கொண்டிருந்தால் ஏற்காடு வராது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று தன் மகனுக்காக இயேசுவிடம் கெஞ்சிய தகப்பன் எலுமிச்சம்பழக் கட்சி. ஆபிரகாமே மகன் பிறப்பான் என்ற வாக்குத்தத்தத்தைக் கேட்டு முகங்குப்புற விழுந்து சிரித்தார் என்று ஆதியாகமம் 17 சொல்கிறது. அந்தச் சிரிப்போடுதான் அவர் விசுவாசிகளுக்குத் தகப்பன்.

முடிக்கும்போது கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், முன்னால் வரச் சொல்லாதீர்கள். லூக்கா 18-இல், தன் நல்லதைப் பட்டியல் போட்ட பரிசேயனும், பாவியென்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபம்பண்ணப் போன கதையை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். ஆயக்காரனைப் பற்றி, "இவனே நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்" என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். அதற்குப் பிறகு காப்பி.

எங்கள் கூட்டம் அப்படி முடிந்தபோது பெரியம்மா கிளம்பவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, வேதாகமத்திலிருந்து தன் சீட்டை எடுத்து, "கண்ணு, அந்தப் பென்சிலைக் கொடு" என்றார். அவர் சீட்டில் முதல் வரி, 'நாற்பது வருடமாக ஒரு ஞாயிறு ஆராதனையும் தவறவிட்டதில்லை' என்பது. நாற்பதை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினார். "கல்யாணமான புதிதில் மாமியாரோடு சண்டை. இரண்டு வருடம் ஆலயத்துப் பக்கமே போகவில்லை. இது யாருக்கும் தெரியாது" என்றார். சீட்டைப் பழையபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடப் போனார்.